ரயில் வர்றதுக்கு முன்னாடி நிலத்த வாங்கு: டென்வர் ஃபண்ட் எப்படி ஓடுச்சு, எங்க மாட்டிக்கிச்சு

2004 நவம்பர்ல, அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல, டென்வரும் அதச் சுத்தியிருக்குற ஊர்களும் சேர்ந்து ஓட்டு போட்டு தங்களோட தலையில தாங்களே ஒரு வரிய ஏத்திக்கிட்டாங்க. விற்பனை வரி 0.4% கூடும், அந்தக் காசுல 122 மைல் புது ரயில் பாதை வரும், திட்டத்துக்குப் பேரு ஃபாஸ்டிராக்ஸ், அப்ப சொன்ன செலவு 470 கோடி டாலர். கட்டி ஓட்டப்போறது ஆர்டிடின்னு சொல்ற வட்டாரப் போக்குவரத்து அமைப்பு. எந்த ரூட்டு, ஸ்டேஷன் சுமாரா எங்கெங்க வரும்னு மேப் அன்னைக்கே ஊருக்கே தெரியும். ரயில் ஓட இன்னும் எட்டு பத்து வருஷம் ஆகும், ஆனா நிலத்த வாங்கி விக்கிறவங்க ரயில் வர்ற வரைக்குமா காத்திருப்பாங்க?

இந்த மாதிரி திட்டத்துல நிலத்து விலை ஒரே நாள்ல ஏறாது, தவணை முறையில ஏறும். ரூட்டு அறிவிச்சதும் கொஞ்சம், வேலை ஆரம்பிச்சதும் கொஞ்சம், முதல் ரயில் ஓடுனதும் மறுபடி. ஸ்டேஷன் வரப்போற இடங்கள்ல பாதி, பழைய அபார்ட்மென்ட்டும் குடோனும் காலி மனையுமா இருக்குற ஏரியா, அங்க வாடகைக்கு இருக்குறவங்கதான் ஊர்லயே அதிகமா பஸ்ஸுல போறவங்க, கார் இல்லாதவங்க, ரயிலால நிஜமா பலன் கிடைக்கவேண்டியது அவங்களுக்குத்தான். ஆனா நடக்குறது என்னன்னா ஓனர் நல்ல விலைக்கு வித்துட்டுப் போயிடுவாரு, வாங்குனவரு இடிச்சிட்டு உசத்தியா கட்டுவாரு, வாடகைக்கு இருந்தவங்க ரயில் வராத இன்னொரு மூலைக்குப் போயிடுவாங்க. பத்து வருஷம் கழிச்சு சிட்டிக்கு ஞானோதயம் வந்து "ஸ்டேஷன் பக்கத்துல ஏழைங்களுக்கு வீடு வேணும்"னு கிளம்பும்போது அந்த நிலத்த, தன்னோட சொந்த வரிப்பணம் ஏத்திவிட்ட விலையில, திரும்ப வரிப்பணம் குடுத்து வாங்கணும். ஒரே ரயிலுக்கு மக்கள் ரெண்டு தடவ காசு குடுக்குறாங்க, இதுல எனக்குப் பெரிய எரிச்சலே இதுதான்.

சரி அப்ப முன்னாடியே வாங்கிப் போடவேண்டியதுதானேன்னு கேக்கலாம். யாரு வாங்குறது, எந்தக் காசுல வாங்குறதுங்குறதுதான் இந்தக் கேஸோட மையமே.

அமெரிக்காவுல குறைஞ்ச வாடகை வீடு கட்டுறதுக்கு பெரிய காசு வர்ற வழி, 1986ல வந்த லோ இன்கம் ஹவுசிங் டாக்ஸ் கிரெடிட். அரசு கையில காசா குடுக்காது, வரியில கழிச்சுக்குற உரிமையா குடுக்கும். டெவலப்பர் அந்த உரிமைய ஒரு பேங்குக்கோ பெரிய கம்பெனிக்கோ வித்து, வர்ற பணத்த கட்டடத்துல போடுவாரு, வாங்குனவங்க 10 வருஷத்துக்கு அவங்க வரியில கழிச்சுக்குவாங்க, பதிலுக்கு அந்த வீடுகள குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு கட்டுப்படுத்துன வாடகையில விடணும். இதுல ரெண்டு வகை இருக்கு. 9% கிரெடிட்னு சொல்றது கட்டுமானச் செலவுல சுமார் 70% அளவுக்குத் தாங்கும், ஆனா அளவு கம்மி, வருஷா வருஷம் போட்டி போட்டு வாங்கணும். 4% கிரெடிட் சுமார் 30%தான் தாங்கும், அது வரிவிலக்கு பாண்ட், அதாவது வட்டிக்கு வரி இல்லாத கடன் பத்திரம், மூலமா வர்ற காசோட சேர்ந்து வரும், மீதி ஓட்டைய வேற இடத்துல தேடி அடைக்கணும்.

இங்க ரெண்டு சிக்கல். ஒண்ணு, இந்தக் கிரெடிட்ட கணக்கு போடும்போது நிலத்தோட விலையச் சேத்துக்க மாட்டாங்க, கட்டடத்துக்கு மட்டும்தான். அதனால நிலம் எவ்வளவு ஏறுதோ அவ்வளவும் மானியம் இல்லாத செலவு, நேரா தலையில விழும். ரெண்டாவது, அப்ளிகேஷன் போடணும்னாலே நிலம் உங்க கையில இருக்குன்னு காட்டணும், வாங்குன பத்திரமோ வாங்கப்போற ஒப்பந்தமோ ஏதோ ஒண்ணு. அதாவது காசு வர்றதுக்கு நிலம் வேணும், நிலத்துக்குக் காசு வேணும். பேங்குல கேட்டா, திட்டமும் இல்ல அப்ரூவலும் இல்ல வாடகையும் வராத வெறும் மனைக்கு லோன் குடுக்க யோசிப்பாங்க, குடுத்தாலும் விலையில ஒரு பங்குக்குத்தான் குடுப்பாங்க, வட்டியும் கூட. லாபநோக்கம் இல்லாத ஒரு சின்ன வீட்டு அமைப்பால நாலஞ்சு வருஷம் அந்த வட்டியக் கட்டிக்கிட்டு காலி மனைய வச்சுக்கிட்டு உக்கார முடியாது. தனியார் டெவலப்பரால முடியும், விலை ஏறுறதே அவருக்கு லாபம்.

அந்த ஓட்டைய அடைக்கத்தான் 2010ல டென்வர் டிஓடி ஃபண்ட் வந்துச்சு (டிஓடின்னா ரயில் பஸ் ஸ்டேஷன ஒட்டி வீடும் ஊரும் கட்டுறது). ஆரம்ப அளவு 1.5 கோடி டாலர், குறி 10 வருஷத்துல 1000 வீடு கட்டுறது இல்லன்னா இருக்குறதக் காப்பாத்துறது. 470 கோடி டாலர் ரயிலுக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தா இது நூத்துல அரை பங்கு கூட இல்ல. அதனாலதான் இந்தக் கேஸ் எனக்குப் பிடிக்கும், காசோட அளவ விட அது எங்க நிக்குது எப்ப வருதுங்குறதுதான் இதுல எல்லாம்.

அமைப்பு இப்படி. என்டர்பிரைஸ் கம்யூனிட்டி பார்ட்னர்ஸ்னு ஒரு தேசிய அளவு வீட்டு அமைப்பு ஃபண்ட கட்டி நிர்வாகம் பண்ணுச்சு. நிலத்த வாங்கி வச்சுக்குற வேலை அர்பன் லேண்ட் கன்சர்வன்சிக்கு, சுருக்கமா யூஎல்சி, 2003ல ஆரம்பிச்ச லாபநோக்கம் இல்லாத உள்ளூர் அமைப்பு, ஃபண்ட் ஆரம்பிச்சப்ப கடன் வாங்குற ஒரே ஆளும் அவங்கதான். அவங்க தங்களோட பங்குக்கு 15 லட்சம் டாலர் சொந்தக் காசு போடறதா ஒத்துக்கிட்டாங்க. டென்வர் சிட்டி 25 லட்சம் டாலர் போட்டுச்சு. அப்புறம் மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன், கொலராடோ மாநில வீட்டு நிதி ஆணையம், உள்ளூர் ரோஸ் ஃபவுண்டேஷன், கமர்ஷியல் பேங்குகள்னு ஆளாளுக்கு ஒரு அடுக்கு. லோன் 5 வருஷம் வரைக்கும், வட்டி 3.5% சுமாரு, நிலம் ரயில் ஸ்டேஷன்ல இருந்து அரை மைலுக்குள்ள இல்லன்னா அடிக்கடி பஸ் வர்ற ஸ்டாப்புல இருந்து கால் மைலுக்குள்ள இருக்கணும்.

இந்த அடுக்கு விஷயத்த கொஞ்சம் நிறுத்திப் பாக்கணும், ஏன்னா நிறைய பேரு "அரசு 25 லட்சம் குடுத்துச்சு, தனியார் மீதியக் குடுத்துச்சு, சபாஷ்"னு எழுதிட்டுப் போயிடுறாங்க. விஷயம் அது இல்ல. சிட்டியோட 25 லட்சம் நின்ன இடம்தான் முக்கியம், அதாவது முதல் நஷ்டம் சிட்டிக்கு. வாங்குன நிலம் விலை விழுந்து ஒரு லோன் திரும்ப வரலன்னா முதல்ல கரையுறது சிட்டி காசு, அது முழுசா தீந்தப்புறம்தான் நடுவுல நிக்கிற ஃபவுண்டேஷன் காசு, அதுவும் போனாத்தான் பேங்கு. கணக்கு போட்டுப் பாருங்க, 1.5 கோடி முழுசும் கடனா வெளிய போயிருக்குன்னு வச்சுக்குவோம், மொத்தத்துல 15% நஷ்டம் ஆச்சுன்னா அது 22.5 லட்சம், அது மொத்தமும் சிட்டி அடுக்குலயே அடங்கிடும், பேங்குக்கு ஒரு சென்ட் கூட போகாது. அந்த தைரியத்துலதான் பேங்கு வெறும் மனைக்கு இந்த வட்டியில இறங்கி வந்துச்சு. இதே 25 லட்சத்த சிட்டி மானியமா அள்ளிக் குடுத்திருந்தா ஒரு சைட்டோ ரெண்டு சைட்டோ, அதோட தீந்திருக்கும். முதல் நஷ்டத்துல நிறுத்துனதால நிலம் கைமாறும்போது கடன் திரும்பி வந்து அடுத்த நிலத்துக்குப் போகும், நஷ்டம் வராத வரைக்கும் சிட்டி காசு அப்படியே இருக்கும்.

வட்டியோட கணக்கும் அப்படித்தான். உதாரணத்துக்கு 20 லட்சம் டாலர் நிலம்னா 3.5% வட்டியில வருஷத்துக்கு 70 ஆயிரம், அதே 8%னா 1 லட்சத்து 60 ஆயிரம். நாலு வருஷம் வச்சிருந்தா வித்தியாசம் 3 லட்சத்து 60 ஆயிரம் டாலர். காலி மனைக்கு வாடகையும் வராதுங்குறப்ப இந்த வித்தியாசந்தான் வாங்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணும்.

வாங்குனது என்னென்ன

ஃபண்டுக்கு முன்னாடியே யூஎல்சி பண்ணுன ஒரு வேலைய முதல்ல சொல்லணும், மொத்த யோசனையும் அதுல இருந்து வளந்த மாதிரிதான் எனக்குப் படுது. டபிள்யூ லைன்னு ஒரு ஃபாஸ்டிராக்ஸ் ரயில் பாதையில ஷெரிடன் ஸ்டேஷன் வரப்போற இடத்துல ஜோடி அபார்ட்மென்ட்ஸ்னு 62 வீடு, பழசு, வாடகை கம்மி. 2007ல யூஎல்சி அத வாங்கிடுச்சு. டபிள்யூ லைன் ஓடுனது 2013 ஏப்ரல்ல. புதுசா ஒரு செங்கல் கூட வைக்கல, இருந்தவங்க இருந்த இடத்துலயே இருந்தாங்க, ரயில் வாசலுக்கு வந்துச்சு. புதுசா கட்டுறதுக்குத்தான் ரிப்பன் வெட்டி போட்டோ எடுப்பாங்க, ஆனா டாலருக்கு டாலர் பாத்தா பெரும்பாலும் இந்த மாதிரி இருக்குறதக் காப்பாத்துறதுதான் மலிவு. அதுலயும் வாடகை வந்துக்கிட்டே இருக்குறதால காத்திருக்குற செலவும் பாதி அடங்கிடுது.

அப்புறம் ஃபண்ட் காலத்துல யேல் ஸ்டேஷன் பக்கத்துல வயசானவங்களுக்கு 50 வீடு, எவன்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல 50 வீடு. கவனிச்சீங்கன்னா இந்த ரெண்டு இடத்துலயும் ரயில் ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்துச்சு, யேல் இருக்குற தென்கிழக்கு லைன் 2006ல, எவன்ஸ் இருக்குற தென்மேற்கு லைன் 2000லயே வந்தாச்சு. ரயிலுக்கு முன்னாடி வாங்குறதுதான் கொள்கை, ஆனா ஆரம்பத்துல வாங்குனதுல சிலது ரயில் வந்தப்புறம். ஏன் முடிஞ்சுதுன்னா 2008ல வந்த பொருளாதார வீழ்ச்சி. டெவலப்பர் எல்லாம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த நேரம், நிலம் கேக்க ஆள் இல்ல. அந்தச் சரிவுல கையில காசோட சந்தையில நின்ன சில பேர்ல யூஎல்சியும் ஒண்ணு. ஃபண்டோட வெற்றியில ஒரு பங்கு திறமை, ஒரு பங்கு நேரம் வாய்ச்சது, இதச் சொல்லாம டென்வர் மாடல்னு தூக்கிட்டுப் போய் உச்சத்துல இருக்குற சந்தையில பண்ணுனா அதே பலன் வராது.

வெஸ்ட் கோல்ஃபாக்ஸ் ரோட்டுல மைல் ஹை விஸ்டா இன்னும் சுவாரசியம். சுமார் ரெண்டு ஏக்கர். அதுல 80 வீடு, அவண்டேல் அபார்ட்மென்ட்ஸ்னு பேரு, அதே மனையில ஒரு பங்க நூலகத்துக்காக சிட்டிக்குக் குடுத்து, 2015ல கார்க்கி கொன்சாலஸ் கிளை நூலகம் திறந்துச்சு. வீட்டுக்கு மட்டும்னு வாங்கியிருந்தா 80 வீட்டோட கணக்குல மொத்த நில விலையும் உக்காந்திருக்கும். நிலத்த ஒரே கையில வாங்கி துண்டு போட்டு, ஒரு துண்ட வேற பொதுக் காரியத்துக்கு வித்ததால வீட்டு மேல விழுற பாரம் குறைஞ்சுது. பொறுமையான காசுக்கு இந்த வசதி உண்டு, அவசரத்துல இருக்குறவனுக்கு முழு நிலத்தையும் உடனே கட்டி முடிச்சாகணும்.

இப்ப தலைகீழா ஒண்ணு. 48வது தெருவும் ரேஸ் தெருவும் சேர்ற இடத்துல 6 ஏக்கர், N லைன்னு சொல்ற ரயில் பாதையோட ஸ்டேஷனுக்கு நடக்குற தூரம், 2015ல யூஎல்சி வாங்குச்சு. N லைன் ஓட ஆரம்பிச்சது 2020 செப்டம்பர்ல, திட்டத்துல இருந்து வருஷக்கணக்கா தள்ளிப் போய். வினியா அபார்ட்மென்ட்ஸ்னு 150 வீடும், பக்கத்துலயே தெபெயாக் சமூக கிளினிக்கும் அதுக்கப்புறம்தான் திறந்துச்சு. நல்ல திட்டம், அந்த ஏரியாவுக்கு டாக்டர் ரொம்ப வேணும். ஆனா 5 வருஷ லோன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அத இங்க வச்சுப் பாருங்க. வாங்குன நாள்ல இருந்து ரயில் வர்றதுக்கே 5 வருஷம் போயிடுச்சு.

கடிகாரம்

இந்த மாதிரி ஃபண்டோட உண்மையான பலவீனம் இதுதான், நஷ்ட பயம் எல்லாம் அதுக்கப்புறம். 5 வருஷத்துக்குள்ள ஒண்ணு நிலத்துல கட்டுமானம் ஆரம்பிச்சு அந்தக் காசுல லோன அடைக்கணும், இல்லன்னா வேற கடன் வாங்கி அடைக்கணும், இல்லன்னா விக்கணும். கட்டுமானம் ஆரம்பிக்கணும்னா டாக்ஸ் கிரெடிட் கிடைக்கணும், அது மாநிலம் முழுக்க போட்டி, கேக்குறவங்க எப்பவும் இருக்குறத விட அதிகம். முதல் வருஷம் கிடைக்கலன்னா அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணணும். ஒரே அமைப்பு கையில ஏழெட்டு சைட் இருந்தா எல்லாத்தையும் ஒரே வருஷம் கொண்டுபோக முடியாது, தங்களோட சைட்டே தங்களுக்குப் போட்டி ஆயிடும். அப்ப ஃபண்ட எவ்வளவு பெருசாக்குனாலும் வரிசையோட நீளம் மாறாது. வாசல அகலமாக்கி என்ன பிரயோஜனம், உள்ள போற பாதை அதே சந்துதானே.

2014ல ஃபண்ட 2.4 கோடி டாலரா பெருக்கி, டென்வர் மட்டும்னு இருந்தத 7 கவுன்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) விரிச்சு, யூஎல்சி தவிர மத்த அமைப்புகளும் கடன் வாங்கலாம்னு மாத்துனாங்க. ஒரே கடனாளிங்குற பிரச்சனை தீந்துச்சு, கடிகாரப் பிரச்சனை அப்படியே இருந்துச்சு.

இதே பிரச்சனை சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல இன்னும் கடுமையா அடிச்சுது. அங்க 2011ல டோவாங்குற ஃபண்ட் 5 கோடி டாலரோட வந்துச்சு, எம்டிசிங்குற வட்டாரப் போக்குவரத்து ஆணையம் 1 கோடி போட்டு முதல் நஷ்டத்துல நின்னுச்சு. போக்குவரத்து ஆணையமே வீட்டு நிலத்துக்குக் காசு போட்டது நல்ல முன்மாதிரி, டென்வர்ல அத சிட்டிதான் பண்ணுச்சு. ஆனா ஃபண்ட் ஆரம்பிச்ச மறுவருஷமே, 2012 பிப்ரவரி 1ல, கலிஃபோர்னியாவுல ரீடெவலப்மென்ட் ஏஜென்சின்னு, பழைய ஏரியாக்கள புதுப்பிக்க ஊர்கள் வச்சிருந்த அமைப்பு எல்லாத்தையும் கலைச்சிட்டாங்க. அந்த ஏஜென்சிகளுக்கு வர்ற கூடுதல் சொத்துவரியில 20% குறைஞ்ச வாடகை வீட்டுக்கு ஒதுக்கணும்னு சட்டம் இருந்துச்சு, மாநிலம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 100 கோடி டாலர் வந்துக்கிட்டு இருந்த வழி அது, ஒரே நாள்ல மூடிப்போச்சு. நிலம் வாங்க லோன் ரெடி, ஆனா அந்த லோன அடைக்கப்போற பின்காசு எங்க? டோவாவோட முதல் லோன்கள்ல ஒண்ணு சான் ஃபிரான்சிஸ்கோ டெண்டர்லாய்ன் ஏரியாவுல எட்டி தெருவும் டெய்லர் தெருவும் சேர்ற மூலைக்குப் போச்சு, அங்க 113 வீடு திறந்தது 2019ல. பிறகு கலிஃபோர்னியா, கார்பன் ஏலத்துல, அதாவது கம்பெனிகளுக்கு கரியமில வாயு வெளியிடுற உரிமைய ஏலம் விடுறதுல, வர்ற காசுல 20%ஐ ரயில் பஸ் பக்கத்துல வீடு கட்டுற திட்டத்துக்கு வருஷா வருஷம் தானா போற மாதிரி சட்டம் போட்டுச்சு, அதுக்கப்புறம்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

சியாட்டில் வேற ரூட்டு எடுத்துச்சு, எனக்கு அது இன்னும் நேர்மையாப் படுது. ரயில் கட்டுறப்ப ஆணையம் எப்படியும் நிலம் வாங்கும், மெஷின் இறக்க, பொருள் வைக்க, வழி விட. வேலை முடிஞ்சதும் மிச்சம் நிக்கும். 2015 மாநிலச் சட்டப்படி, அங்க ரயில் கட்டுற சவுண்ட் டிரான்சிட் அமைப்பு, வீட்டுக்கு ஏத்த மிச்ச நிலத்துல 80%ஐ முதல்ல குறைஞ்ச வாடகை வீடு கட்டுறவங்களுக்குத்தான் காட்டணும், அங்க கட்டுறதுல 80% வீடு ஊரோட நடுத்தர வருமானத்துல (பாதிப் பேரு இதுக்கு மேல, பாதிப் பேரு இதுக்குக் கீழ) 80%க்குள்ள இருக்குற குடும்பத்துக்குப் போகணும். இதத்தான் 80-80-80ன்னு சொல்றாங்க. 2016ல மக்கள் ஓட்டு போட்ட எஸ்டி3ங்குற ரயில் விரிவாக்கத் திட்டத்தோட இது நடைமுறைக்கு வந்துச்சு, கூடவே வருஷம் 40 லட்சம் டாலர்னு 5 வருஷத்துக்கு சுழல் கடன் ஃபண்டுக்கும் போகணும். தேவைப்பட்டா நிலத்த குறைஞ்ச விலைக்கோ சும்மாவோ கூட குடுக்கலாம். ரூஸ்வெல்ட் ஸ்டேஷன் பக்கத்துல சீடர் கிராசிங்குல 254 வீடு, அப்புறம் ஃபர்ஸ்ட் ஹில்லுல நிலத்த விலையில்லாம குடுத்து எழுந்த 17 மாடிக் கட்டடம், எல்லாம் இந்த வழியில வந்தது. இங்க யாரும் ஸ்பெகுலேட்டர் கூட ஓட்டப்பந்தயம் ஓடவேண்டியதே இல்ல, நிலம் ஏற்கனவே பொதுக் கையில இருக்கு, விக்கும்போது யாருக்குன்னு முடிவு பண்ணுனா போதும். ஒரு குறை, ரயிலுக்கு எங்க நிலம் தேவைப்பட்டுச்சோ அங்கதான் கிடைக்கும், வீட்டுக்கு எது நல்ல இடமோ அங்க இல்ல, பக்கத்துல இருக்குற பழைய அபார்ட்மென்ட்டக் காப்பாத்தவும் இது உதவாது. அதுக்கு டென்வர் மாதிரி வாங்குற ஃபண்டு வேணும். ரெண்டும் எதிரெதிர் இல்ல, ஆனா ஒரு ஊர் ஒண்ணத்தான் செய்ய முடியும்னா நான் சியாட்டில் சட்டத்த முதல்ல கேப்பேன், ஏன்னா அதுக்கு புதுக் காசு கம்மி.

டென்வருக்குத் திரும்பி வந்து ரெண்டு மூணு சங்கடமான விஷயம். யாருக்கு வீடு கிடைச்சுது? டாக்ஸ் கிரெடிட் வீடுன்னா பெரும்பாலும் நடுத்தர வருமானத்துல 60% வரைக்கும் இருக்குறவங்களுக்கு. 30%க்குக் கீழ இருக்குற குடும்பத்துக்கு அந்த வாடகையும் எட்டாது, தனியா வாடகை உதவி வவுச்சர் சேந்தாத்தான் உண்டு. நில ஃபண்ட் இதுல ஒண்ணும் பண்ண முடியாது, அது நிலத்தோட செலவத்தான் குறைக்கும், மாசாமாசம் வர்ற பராமரிப்புச் செலவயோ வாடகைக்கும் வருமானத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளியயோ இல்ல.

ரெண்டாவது, ரயில். அரை மைல்னு அளந்தாங்க சரி, ஆனா அந்த ஸ்டேஷனுக்கு எத்தன நிமிஷத்துக்கு ஒரு ரயில் வருதுங்குறத யாரும் அளக்கல. பஸ்ஸுக்கு மட்டும் அடிக்கடி வர்ற ஸ்டாப்பா இருக்கணும்னு விதி இருந்துச்சு, ரயில் ஸ்டேஷன்னா ஸ்டேஷன் இருந்தா போதும். 2020 ஏப்ரல்ல ஆர்டிடி தன்னோட சேவையில சுமார் 40% வெட்டுச்சு, அப்புறமும் டிரைவர் பற்றாக்குறை. N லைன் மாதிரி பாதையில ரயில் அரை மணிக்கு ஒண்ணு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவருக்கு 15 நிமிஷத்துக்கு ஒரு பஸ் வர்ற கோல்ஃபாக்ஸ் ரோடு, அரை மணிக்கு ஒரு ரயில் வர்ற ஸ்டேஷன விட மேல். மைல் ஹை விஸ்டா நல்ல இடம்னு நான் சொல்றதுக்கு ஒரு காரணம் அந்த பஸ்தான்.

மூணாவது, வராத ரயில். ஃபாஸ்டிராக்ஸ் செலவு சில வருஷத்துலயே 600 கோடியத் தாண்டிப் போச்சு. பௌல்டர், லாங்மான்ட் போகவேண்டிய வடமேற்கு லைன் 2016ல வெஸ்ட்மின்ஸ்டர் வரைக்கும் ஒரு துண்டு வந்து அங்கயே நின்னுடுச்சு, அந்த ஊர்க்காரங்க பல வருஷமா வரி மட்டும் கட்டிக்கிட்டு இருக்காங்க. மேப்ப நம்பி முன்னாடியே நிலம் வாங்குறதுல இருக்குற நிஜமான ரிஸ்க் இதுதான். அதனால முன்னாடி வாங்குன்னு சொல்றப்ப எவ்வளவு முன்னாடிங்குறது முக்கியம். என் கணிப்பு, ரூட்டு அறிவிச்ச உடனே இல்ல, காசு உறுதியாகி காண்ட்ராக்ட் கையெழுத்தாகுற நேரத்துல. அப்ப விலை முதல் தவணை ஏறியிருக்கும்தான், ஆனா வராத ரயிலுக்குப் பக்கத்துல காலி மனைய வச்சுக்கிட்டு நிக்கிறத விட அது பரவால்ல. பழைய அபார்ட்மென்ட்டுக்கு மட்டும் இந்த விதி வேண்டாம், ரயில் வரலன்னாலும் அங்க ஜனங்க இருப்பாங்க, வாடகை வரும்.

யூஎல்சி பண்ணுன ஒரு விஷயத்த மத்த ஃபண்டுகள் அவ்வளவா எடுத்துக்கல. முடிஞ்ச இடத்துல நிலத்த அவங்க விக்கல, டெவலப்பருக்கு 99 வருஷ குத்தகைக்குக் குடுத்து நிலத்த தங்களோட பேர்லயே வச்சுக்குறாங்க. டாக்ஸ் கிரெடிட் வீட்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு சட்டப்படி 15 வருஷம், அதுக்கு மேல இன்னொரு 15னு மொத்தம் 30 வருஷம், ஆனா 15வது வருஷத்துக்கு அப்புறம் வெளிய வர்றதுக்கு ஒரு ஓட்டையும் அந்தச் சட்டத்துலயே இருக்கு, நிறைய ஓனருங்க அதப் பயன்படுத்தியிருக்காங்க. 30 வருஷம் கழிச்சு ஸ்டேஷன் பக்கத்து நிலம் இப்ப இருக்குறத விட பல மடங்கு மதிப்புல நிக்கும், அப்ப கட்டுப்பாடு முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நிலம் பொதுநல அமைப்பு கையில இருந்தா குத்தகை விதியே வாடகைய கட்டிப் போடும். பேங்குக்கும் முதலீட்டாளருக்கும் குத்தகை நிலம்னா கொஞ்சம் கசக்கும், பேச்சுவார்த்தை இழுக்கும், வக்கீல் செலவு கூடும், ஆனாலும் இத விட்டுக்குடுக்கக் கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஃபண்ட் வந்து 12 வருஷம் கழிச்சு, 2022 நவம்பர்ல கொலராடோ மக்கள் ப்ரொபசிஷன் 123ங்குற சட்டத்துக்கு ஆதரவா ஓட்டு போட்டாங்க. வரி புதுசா ஏத்தல, ஏற்கனவே வர்ற வருமான வரியில இருந்து, வரி விதிக்கிற வருமானத்துக்கு 0.1%ங்குற கணக்குல, ஒரு பங்கப் பிரிச்சு வீட்டுக்குன்னு தனியா வைக்கணும். வருஷத்துக்கு சுமார் 30 கோடி டாலர் வரும்னு மதிப்பீடு. அதுல நிலம் வாங்கி வைக்கிறதுக்குன்னே ஒரு தனி ஒதுக்கீடு இருக்கு, கட்டுறதுக்கு பங்கு முதலீடா போடவும் கடனா குடுக்கவும் வேற ஒதுக்கீடு, அதாவது முன்காசும் பின்காசும் ஒரே சட்டத்துல. நில ஒதுக்கீட்டுல லாபநோக்கமில்லாத அமைப்புக்கு கடனா குடுக்குறாங்க, அந்தக் கடன் தள்ளுபடி ஆகுறதுக்கு விதி, 5 வருஷத்துக்குள்ள அந்த நிலத்துக்கு சரியான ஜோனிங்கும் (எந்த நிலத்துல என்ன கட்டலாம்ங்குற விதி) வீட்டுத் திட்டமும் இருக்கணும், 10 வருஷத்துக்குள்ள அனுமதியும் கட்டுற காசும் உறுதியாகணும். ரேஸ் தெரு மாதிரி ஒரு சைட்டுக்கு 5 வருஷம் பத்தாதுன்னு பாத்தோம், 10 வருஷம்னா கணக்கு உக்காரும்.